உறவுமுறைக் கட்டம்

அந்தக் கட்டத்தில் 'பிரதர்' என்று அடித்தது நான்தான். வேறு யாரையும் கைகாட்ட எனக்கு வழியில்லை.

ஜெராக்ஸ் கடையில் பதினாலு வருடமாக விண்ணப்பம் அடிக்கிறேன். ஆள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடிப்பேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, முகவரி. அப்புறம் உறவுமுறை என்று ஒரு கட்டம் வரும். சுண்டு விரல் நகம் அளவுதான் இடம். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பேன். "அண்ணன்" என்பார்கள். பிரதர் என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவேன். கூடப்பிறந்த அண்ணனா, பெரியப்பா மகனா என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். அண்ணன் என்றால் அண்ணன், அதில் என்ன தரம் பிரிப்பது? சொன்னதை மாற்றாமல் அடிப்பாள், இருப்பதை மாற்றாமல் படித்துச் சொல்வாள் என்று எனக்குக் கடையில் ஒரு நல்ல பெயர் உண்டு.

அதே கையோடுதான் என் வீட்டுக்காரருடைய கிட்னி விண்ணப்பத்தையும் அடித்தேன். கொடுப்பவர் பெயர் வரும் இடத்தில் பெரியத்தான் பெயர். நோயாளிக்கு உறவு: பிரதர். ஊராருக்கு அடித்தால் ஒரு தடவை படித்துப் பார்ப்பேன். இதை மூன்று தடவை படித்தேன். ஒரு பிழையும் என் கண்ணில் படவில்லை.

பெரியத்தான் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். என் மாமனார் சின்ன வயதிலேயே போய்விட்டதால் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தது. பெரியத்தான் 'அம்மா' என்று கூப்பிடுவதைக் கேட்டு இவரும் பெரியம்மாவை அம்மா என்றும், பெற்றவளைச் சின்னம்மா என்றும்தான் எட்டு வயது வரை கூப்பிட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தாயார் பெயர் கேட்டபோது பெரியம்மா பெயரைச் சொல்லி, வாத்தியாரிடம் குட்டு வாங்கி வந்தாராம். அந்தப் பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை. இவருக்குக் கூடப்பிறந்தவர்கள் என்றும் யாரும் கிடையாது.

கிட்னி இரண்டும் போய் மூன்று வருடம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் ஆபரேஷன் செய்து வைத்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையில் செய்தார்கள், அதுவும் அடைத்தது. இப்போது கழுத்தில் குழாய். "கழுத்துக் குழாய ரொம்ப நாள் நம்ப முடியாதும்மா. எப்ப வேணாலும் சீழ் பிடிக்கும். சீக்கிரம் மாத்து கிட்னிக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றார் டாக்டர். நான் என் கையை நீட்டினேன். என் ரத்தம் சேரவில்லை.

அன்று சாயங்காலமே பெரியத்தான் வந்துவிட்டார். வெல்டிங் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டபடி அப்படியே இருந்தது.

"எனக்கு ரெண்டு இருக்குல்லம்மா, ஒண்ண எடுத்துக்கச் சொல்லு" என்றார், ஏதோ ஸ்பேனர் இரவல் கொடுப்பது மாதிரி.

எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எல்லாம் பொருந்தியது. அன்றைக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அனுமதி கொடுக்கும் குழு என்று ஒன்று இருப்பது தெரியும். அது வெறும் கையெழுத்து விவகாரம் என்று நினைத்திருந்தேன்.

குழுவின் தலைவி ஒரு வயதான டாக்டர் அம்மா. குரலை உயர்த்தவே மாட்டார். இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தகப்பன் பெயர் வேறு. தாயார் பெயர் வேறு. இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் எங்களுக்காகத் தமிழில் கேட்டாள். அவள் தமிழ் பேசும் வீட்டுப் பெண்தான், ஆனால் உறவு முறைகள் அவளுக்கே தகராறு.

"நீங்க அண்ணன் தம்பினு எழுதியிருக்கீங்க. அப்பா ரெண்டு பேரா?"

"அவன் அப்பா எனக்குச் சித்தப்பா. என் அப்பா அவனுக்குப் பெரியப்பா" என்றார் பெரியத்தான், இதில் என்ன புரியவில்லை என்கிற முகத்தோடு.

நர்ஸ் இரண்டு பேரையும் 'அங்கிள்' என்று சொல்லி முடித்தாள். சித்தப்பாவும் அங்கிள், பெரியப்பாவும் அங்கிள். தலைவி பேனாவை மூடினார். அப்படியென்றால் இவர் கசின்தானே, பிறகு ஏன் பிரதர் என்று பொய் எழுதினீர்கள் என்று கேட்டார். போன மாதம்தான் யாரோ ஒருத்தன், முன்பின் தெரியாத கூலி ஆளை விலை பேசி, தம்பி என்று சொல்லி அழைத்து வந்து மாட்டியிருந்தானாம். அந்தப் பாவி செய்த வேலைக்கு நாங்கள் அங்கே திருடர்கள் மாதிரி நின்றோம்.

கசின் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. உறவு உண்மைதான், பணத்துக்காக இல்லை என்று குழு நம்ப வேண்டும். அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்போம், எல்லோருடைய பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார் தலைவி. இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் தவறினால் ஆறு மாதத்துக்கு விண்ணப்பமே போட முடியாது.

ஆறு மாதம். நான் என் வீட்டுக்காரர் கழுத்தைப் பார்த்தேன்.

கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு ஒரு தாள் தயாரித்தேன். நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் நம் உறவுகள், அந்தப் பக்கம் இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்தில். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை புருஷன்: எல்லாருக்கும் அங்கிள். பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி: எல்லாருக்கும் ஆன்ட்டி. இந்தப் பக்கம் தாள் நிரம்பி வழிந்தது. அந்தப் பக்கம் நாலே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. பதினாலு வருடமாக இந்த வார்த்தைகளைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. சித்தியையும் அத்தையையும் ஒரே பாயில் உட்கார வைத்த புண்ணியவான் யார் என்று வயிறு எரிந்தது.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் பாடம். பெரியத்தானும் அவர் மனைவியும் தினமும் வேலை முடிந்து வந்தார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நல்ல மனசு, ஆனால் பதற்றம் வந்தால் தன் பெயரே மறந்துவிடும்.

என் வீட்டுக்காரர் முதல் நாளிலேயே படித்துவிட்டார். "கசின்" என்றார், தெளிவாக, என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு ஒரு சந்தோஷம். உயிர்ப் பயத்தை விட நல்ல வாத்தியார் உண்டா என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பெரியத்தானுக்குத்தான் அந்த வார்த்தை தொண்டையில் இறங்கவில்லை.

"கசின்னா யாரும்மா?"

"பெரியப்பா மகன், சித்தப்பா மகன்."

"அவ்வளவுதானா?"

"சித்தி பிள்ளைங்க, அத்தை பிள்ளைங்க, மாமன் பிள்ளைங்க, எல்லாருமே கசின்தான், பெரியத்தான்."

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா அவருக்குச் சொந்த அத்தை மகள்.

"அப்ப இவ?"

"அக்காவும் உங்களுக்குக் கசின்தான்."

"எவனாவது கூடப்பொறந்தவளக் கட்டுவானா?"

"கூடப்பொறந்தவங்கனு யார் சொன்னா? கசின்."

"ஏம்மா, இவளும் கசின், தம்பியும் கசின்னா, கட்டிக்கிட்டவளுக்கும் கூட வளந்தவனுக்கும் ஒரே பேரா? எல்லாத்தையும் ஒரே சட்டில போட்டுக் கிண்டி வச்சிருக்கான்!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப கொழுந்தனும் எனக்குக் கசினா? அவரும் என் மாமன் பிள்ளைதானே?" என்றாள். நான்கு பேரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் கழுத்துக் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மூன்று வருடத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை.

முதலில் நிறுத்தியது பெரியத்தான். "எனக்கு இது வேண்டாம்மா" என்றார். "தம்பிங்கறதுல என்ன குத்தம் கண்டாங்க? நான் என்ன பொய்யா சொல்றேன்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பாஷைய அப்புறமாத் திட்டலாம், பெரியத்தான். இப்ப அவங்க கேக்கறத அவங்க வார்த்தைல சொல்லணும். ஒரு வார்த்தை. வாயத் தொறந்து ஒரே ஒரு வார்த்தை. கிட்னியையே குடுக்கறேங்கறீங்க, ஒரு வார்த்தையக் குடுக்க முடியாதா?"

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவர் காலில் விழுந்தேன். நடிப்பில்லை. தரையில் அவருடைய பாதத்துக்குப் பக்கத்தில் என் முகம் இருந்தது. தீப்பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள் அந்தப் பாதமெல்லாம் இருந்தன.

"எந்திரிம்மா, எந்திரி. சொல்றேன். கசின்னு சொல்றேன்" என்றார்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரை ரொம்ப நெருக்காதே" என்றார்.

"உங்களுக்காகத்தானே நெருக்கறேன்?"

"அதான் சொல்றேன்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நாலு பேரும் தாழ்வாரத்து பெஞ்சில் இருந்தோம். என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில். முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்த சோர்வு முகத்தில் இருந்தது. முதலில் அவரைத்தான் உள்ளே தள்ளிப்போனார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். "சொல்லிட்டீங்களா?" என்று காதருகே கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். யாரையும் பார்க்கவில்லை, பெரியத்தானைக்கூட.

அடுத்தது பெரியத்தான். எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்தார். போகிறபோது தம்பியின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. கதவுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்தேன். ஏழு படி. நாலைந்து தடவை படித்தும் ஒரு படிகூட மனதில் நிற்கவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சொன்னீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்மா" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனாலும் நம்பினேன். காலில் விழுந்து வாங்கின வாக்கு.

அக்கா உள்ளே போய் வேர்த்து விறுவிறுத்து வந்தாள். "நீ சொன்ன மாதிரியே கசின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"யாரை?"

"எல்லாரையும்தான். கொடுக்கிறவர் யாருன்னாங்க, கசின்னேன். நோயாளி யாருன்னாங்க, கசின்னேன். அந்தம்மா என்னையே பாத்துச்சு. அப்ப உன் புருசன் யாருனு கேட்டுச்சு. கசின்னேன்."

பொய் ஒன்றுமில்லை. என் தாளில் இருந்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

என்னைக் கூப்பிடவே இல்லை. விண்ணப்பத்தை அடித்தவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று உள்ளே யாருக்கும் தோன்றவில்லை. கூப்பிட்டிருந்தாலும் நான் என்ன கிழித்திருப்பேன்? எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கட்டத்துக்குள் அடங்குகிற இங்கிலீஷ். எட்டு வயது வரை இரண்டு பேரும் ஒரே அம்மாவைக் கூப்பிட்டார்கள் என்பதை எந்தக் கட்டத்தில் அடிப்பது?

முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் பெண் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல் திரும்பிப் போய்விட்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இங்கிலீஷ் கடிதம். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டுவார், ஆனால் கடிதம் என் கையில் இருந்தது.

அனுமதி மறுக்கப்படுகிறது. காரணம் கீழே மூன்று வரி. கொடுப்பவரின் மனைவி, நோயாளியையும் கணவரையும் ஒரே உறவாகச் சொல்கிறார். நோயாளி, கொடுப்பவர் தன் கசின் என்கிறார். கொடுப்பவர், மூன்று முறை கேட்டும், நோயாளி தன் பிரதர் என்றே சொல்கிறார். பதில்கள் முரண்படுவதால் உறவு நிரூபணமாகவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

"என்னம்மா?" என்றார் பெரியத்தான்.

"குடுக்கல" என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "ஏன் பெரியத்தான்? ஏன்? கால்ல விழுந்தேனே! சொல்றேன்னு சொன்னீங்களே! மூணு தடவ கேட்டிருக்காங்க, மூணு தடவையும் பிரதர்னே சொல்லியிருக்கீங்க. அவரக் கொன்னுட்டீங்களே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அக்கா அழ ஆரம்பித்தாள். பெரியத்தான் அடி வாங்கியது போல நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் வடிந்து, பயம் மட்டும் மிஞ்சியது.

"நாக்கு வரைக்கும் வந்துச்சும்மா" என்றார். "சத்தியமா சொல்லணும்னுதான் போனேன். அந்தம்மா கேட்டுச்சு, எதுக்காகக் குடுக்கறே, காசு வாங்கினியானு. நான் யோசிச்சேன். கசின்னு சொன்னா, நூறு பேர்ல அவனும் ஒருத்தன்னு ஆயிருமே. நூறு பேர்ல ஒருத்தனுக்கு எவன் வயித்தக் கிழிச்சுக் குடுப்பான்? காசுக்குத்தான் குடுக்கறான்னு நினைக்க மாட்டாங்களா? தம்பினு சொன்னாத்தான நம்புவாங்க? அதான் சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டாங்க. எத்தன தடவ கேட்டாலும் அவன் என் தம்பிதானம்மா?"

தாள் போட்டுச் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்த நியாயம் தோன்றவில்லை.

பெரியத்தான் சக்கர நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "தம்பியும் அப்படித்தான் சொல்லியிருப்பான்னு ஒரு நெனப்பு. அவன் என்னம்மா சொன்னானாம்? அதுல எழுதியிருக்கா?"

என் வீட்டுக்காரர் தலை குனிந்திருந்தார். இரண்டு கையும் நாற்காலிச் சக்கரத்தை இறுகப் பிடித்திருந்தன. முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று வருடமாக மெஷினிலிருந்து அவரை எத்தனையோ கோலத்தில் இறக்கிக் கூட்டிவந்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தது நான். அவர் படித்தது எனக்காக, சொன்னது எனக்காக.

கடிதத்தை மறுபடி பிரித்தேன். 'கசின்' என்று அடித்திருந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"எழுதியிருக்கு" என்றேன். "அவரும் பிரதர்னுதான் சொல்லியிருக்காரு."

"நெசமாவா?"

"இதோ, எழுத்துல இருக்கே."

"அப்புறம் ஏன் குடுக்க மாட்டேன்னாங்க?"

"அப்பா பேர் வேறயாம். பழைய பாட்டேதான்."

பெரியத்தான் மூச்சை இழுத்துவிட்டார். அந்த நிலையிலும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "பாத்தியா?" என்று அக்காவிடம் சொன்னார். "நான் சொன்னேன்ல?"

என் வீட்டுக்காரர் தோள் குலுங்க அழுதார். பெரியத்தான் குனிந்து துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அழாதடா. ஆறு மாசம்தான? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும். அதுவரைக்கும் எங்கிட்ட பத்திரமா இருக்கும், எங்க போயிரப் போகுது?"

அவர் நாற்காலியைத் திருப்பி லிஃப்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். நான் கடிதத்தை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் நீட்டி என் கையைத் தேடினார். கொடுத்தேன். லிஃப்ட் வரும்வரை விடவில்லை.